என் வீட்டுக்கு நான் வந்திருந்தபோது

பொய்க்கு மெய்ப்பு பார்ப்பது என் தொழில். ஒரு வாரப் பத்திரிகையின் அச்சகத்தில் உட்கார்ந்து கதைகளில் எழுத்துப் பிழை திருத்துகிறேன். கதாசிரியர்கள் எழுதுவது அத்தனையும் புளுகு. அந்தப் புளுகில் ஒரு புள்ளி கூட விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்பளம். கணவன் என்ற சொல்லில் ஒரு சுழி குறைந்தால் கனவன் ஆகிவிடுவான். வீட்டில் என் நிலைமை கிட்டத்தட்ட அதுதான் என்றாலும் அச்சில் அதை விடமாட்டேன்.

இத்தனை கதைகளைப் படித்தும் ஒன்றைக்கூட நம்பாமல் இருந்தவன், ஒரே ஒரு கதையை நம்பினேன். அதுதான் வினையாகப் போயிற்று.

அது ஒரு தொடர்கதை. அதில் ஒரு குமாஸ்தா. ஊரில் ஓயாமல் மழை பெய்கிறது என்று அவருக்கு ஒரு பிரமை. மண்டையைப் பிளக்கிற வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, தேங்காத தண்ணீரைத் தாண்டித் தாண்டி அலுவலகம் போவார். முதலில் ஊரே சிரித்தது. பிறகு எதிர்வீட்டுக்காரி, துணி ஏனோ காயமாட்டேன் என்கிறது என்று முணுமுணுத்தாள். அடுத்த வாரம் சுவரில் பாசி படர்ந்தது. அதற்கடுத்த வாரம் தவளை கத்தியது. கடைசியில் சிரித்தவர்கள் எல்லோரும் குடைக்கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். குமாஸ்தாவை மேயராக்கி மாலை போட்டார்கள், நனைந்த மாலை.

தொடர்கதைக்காரர் பிழை திருத்திய தாள்களைப் பார்க்க வாராவாரம் வருவார். ஒருநாள் அவரிடம் கேட்டேவிட்டேன், இது எப்படி சார் நடக்கும் என்று. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தன் நினைப்பை மத்தவங்க ஒத்துக்கலைன்னா அது பைத்தியம். ஒத்துக்கிட்டா அதுதான் உலகம். நான் எல்லாரையும் ஒத்துக்க வச்சுட்டேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. அவன் ஒரு நிமிஷம்கூடத் தன்னைச் சந்தேகப்படக் கூடாது."

இந்த உபதேசத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன அன்றுதான் எனக்கு லீவு கிடைத்தது. இரண்டு வாரம். ஜன்னலோரம் என் பிரம்பு நாற்காலி, செங்கல் கனத்தில் ஒரு நாவல், தலைக்கு மேல் மின்விசிறி. இதைத் தவிர எனக்கு ஒரு திட்டமும் இல்லை. திட்டம் என் மனைவியிடம் இருந்தது. கூடத்து மூலையில் பெயிண்ட் டப்பாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. பக்கத்தில் உப்புத்தாள், சுரண்டி, அகலமும் குறுகலுமாக பிரஷ்கள்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வாசல்வரை வந்து பயந்து திரும்புகிற ஆசாமிகளைக் குரலே உயர்த்தாமல் உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் சாய்த்துவிடுவாள். அவளிடம் வாயைத் திறந்தவர்கள் பல்லோடு திரும்பியதில்லை. அந்தக் குரலிலேயே எனக்கும் சொன்னாள். கூடம், அறைகள், சமையலறை எல்லாவற்றையும் நானே சுரண்டி, பட்டி பார்த்து, வர்ணம் அடித்துவிட வேண்டுமாம். மெய்ப்பு பார்க்கிற கைக்குப் பட்டி பார்ப்பது ஒன்றும் பெரிதில்லையாம்.

நான் மறுக்கவில்லை. மறுத்துப் பழக்கமில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி யோசித்தேன். எனக்கு ஒரு பிரமை தேவை. மழை பெய்கிறது என்றால் வெளிச்சுவர் மட்டும்தான் தப்பிக்கும். ராஜா என்று நினைத்துக்கொண்டால் டாக்டரிடம் கூட்டிப்போவாள். ஒரு வீட்டில் எந்த வேலையும் செய்யாமல், செய்யவில்லையே என்று திட்டும் வாங்காமல் இருக்கக்கூடிய பிறவி எது?

விருந்தாளி.

மறுநாள் காலை, யாரும் எழுவதற்கு முன்னால் பின்கதவு வழியாக வெளியே வந்தேன். கையில் ஒரு பயணப் பை. கனமாகத் தெரிவதற்காக அதில் பழைய அச்சுத் தாள்களைத் திணித்திருந்தேன். சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்து, என் வீட்டு அழைப்பு மணியை நானே அழுத்தினேன். மனைவி கதவைத் திறந்தாள்.

"வணக்கம்ங்க" என்றேன். "இந்தப் பக்கமா ஒரு வேலையா வந்தேன். நாலு நாள் உங்க வீட்டுல தங்கிட்டுப் போகலாம்னு."

என் முகத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். காலில் இருந்த வீட்டுச் செருப்பைப் பார்த்தாள். என்ன கூத்து இது என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன். அது கடைசிவரை என்னிடமே தங்கிவிட்டது.

"வாங்க வாங்க" என்றாள், மருத்துவமனைக் குரலில். "வீட்டுக்காரர் ஊர்ல இல்லை. அதனால என்ன, அவருக்குத் தெரிஞ்சவங்கன்னா எங்களுக்கும் வேண்டியவங்கதான். பிரயாணம் எல்லாம் சௌகரியமா இருந்துதா?"

கல்லூரிக்குப் போகும் எங்கள் மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றாள். அப்பாவுக்குத் தெரிந்த அங்கிள் என்று தாய் அறிமுகம் செய்துவைத்தாள். மகள் என்னை மேலும் கீழும் பார்த்து, நுரையை ஒதுக்கிக்கொண்டு, "குட்மார்னிங் அங்கிள்" என்றாள். தாயைப் போலவே முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

எனக்குப் புல்லரித்துவிட்டது. தொடர்கதைக்காரர் சொன்னது சத்தியம். நான் சந்தேகப்படவில்லை, உலகம் ஒத்துக்கொண்டுவிட்டது.

அன்று பகல் முழுக்க நான் சொர்க்கத்தில் இருந்தேன். கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே வந்தே அறியாத பூப்போட்ட கோப்பையில் தேநீர் வந்தது, அடியில் தட்டோடு. புதுத் துண்டு வந்தது. மின்விசிறி வேகம் போதுமா என்று கேட்டார்கள். என் மனைவி என்னிடம் கடைசியாக எதையாவது போதுமா என்று கேட்டது எந்தக் காலத்தில் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. பெயிண்ட் டப்பாக்கள் மூலையில் அப்படியே இருந்தன. அவற்றைக் காட்டி அவளே மன்னிப்பும் கேட்டாள். வீட்டுக்காரர் வந்ததும் அடித்துவிடுவார், அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பரவாயில்லைங்க என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

சாப்பிட்டு முடித்ததும் பிரம்பு நாற்காலியில் சாயப் போனேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். "அது எங்க வீட்டுக்காரர் நாற்காலி. அவர் இல்லாதப்ப யாராவது உட்கார்ந்தா அவருக்குப் பிடிக்காது."

உண்மைதான். எனக்குப் பிடிக்காது. வாசல் பக்கம் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்தேன். நாவலையாவது படிக்கலாமென்று அலமாரிப் பக்கம் கை நீட்டினேன். அவர் புத்தகத்தையும் யாரும் தொடக் கூடாதாம். பக்கம் மடங்கினால் வருத்தப்படுவாராம். அதுவும் உண்மை. சாயங்காலம் குளித்துவிட்டு மாற்றுச் சட்டை தேடியபோது, அவர் சட்டையை அவரைக் கேட்காமல் எப்படிங்க எடுத்துக் கொடுப்பது என்று சங்கடப்பட்டாள். பையில் சட்டை வைத்திருப்பீர்களே என்றாள். பையில் பழைய தலையங்கங்கள்தான் இருந்தன. காலையில் போட்டதையே திருப்பிப் போட்டுக்கொண்டேன். என் பொருள்களை என்னிடமிருந்து இத்தனை விசுவாசமாகக் காப்பாற்றுகிறவளை என்ன சொல்லிக் கோபித்துக்கொள்வது?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. சொந்த வீட்டில் எவ்வளவு சோம்பேறியாக வேண்டுமானாலும் இருக்கலாம், கேட்க ஆள் கிடையாது. வந்த இடத்தில் அப்படி இருக்க முடியவில்லை. தேநீர் கொடுத்தால் நன்றிங்க என்று வாய் தானாகச் சொன்னது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, நானே கழுவிடறேனே என்றேன். ஐயோ, நீங்க போய், என்று பதறினாள். இரண்டாவது முறை, உங்களுக்கு எதுக்குங்க சிரமம் என்று மெல்லச் சொன்னாள். மூன்றாவது முறை சோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டினாள். கூடத்துக் கட்டிலில் படுக்கை போட்டிருந்ததால், பொழுது விடிந்ததும் நானே சுருட்டி வைக்க வேண்டியதாயிற்று. எழுந்தவன் சும்மா இருப்பானேன் என்று எல்லோருக்குமாகத் தேநீர் போட்டேன். மகள் குடித்துவிட்டு, அங்கிள் சூப்பர் என்றாள். பதினெட்டு வருஷமாக அப்பாவாக இருந்து நான் வாங்காத பட்டம்.

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஒருவர் உண்டு. தெருவில் அவரை பியூஸ் என்றால்தான் தெரியும். மூன்றாம் நாள், சுவரில் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் விளக்குகளைக் கழற்றுவது பற்றிப் பேச வந்தவர், என்னைப் பார்த்து நின்றார். வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் என்று மனைவி சொன்னாள். பியூஸ் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவர் சாயல் லேசா இருக்கு உங்களுக்கு" என்றார். "ஆனா நீங்க கொஞ்சம் களையா இருக்கீங்க."

அதோடு விட்டிருக்கலாம். இந்த வீட்டுக்காரரைப் பற்றி விருந்தாளிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்று ஒரு மணி நேரம் பேசினார். பியூஸ் போன பல்பை மாற்றக்கூட ஆள் அனுப்புவாராம். ஒரு தடவை ஏணியில் ஏறி, இறங்கப் பயந்து, தெருவே சேர்ந்து இறக்கியதாம். அது ஏணி இல்லை, ஸ்டூல். திருத்துவதற்கு வாயெடுத்தேன், விருந்தாளிக்கு அது எப்படித் தெரியும் என்று மூடிக்கொண்டேன். பிழையைக் கண்ணெதிரே பார்த்துவிட்டுத் திருத்தாமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுநாளும் மனைவி வீட்டில்தான் இருந்தாள். சமையலறையில் அவள் வெங்காயம் உரிக்க, எதிரில் உட்கார்ந்து நான் பீன்ஸ் நறுக்கினேன். நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பேச்சு வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. புகழ்வாள் என்று ஒரு சபலம், தூண்டிவிட்டேன்.

"நல்ல மனுஷன்தாங்க" என்றாள். "குடி, சூதாட்டம் எதுவும் கிடையாது. ஒரு பக்கத்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சுன்னா ஆயிரம் எழுத்துக்கு நடுவுல அதைக் கண்டுபிடிச்சுடுவார். நான் கண்ணாடி மாத்தி நாலு மாசம் ஆச்சு. அது இன்னும் அவர் கண்ணுல படலை."

நிமிர்ந்து பார்த்தேன். பழையது கறுப்பு. இப்போது போட்டிருந்தது பழுப்பு, ஓரத்தில் மெல்லிய கோடு. அவளுக்கு நன்றாக இருந்தது. நாலு மாதமாக நன்றாக இருந்திருக்கிறது.

"அவர் சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கறேங்க" என்றேன்.

"நீங்க எதுக்குங்க? உங்களுக்கு என்ன சம்பந்தம்?"

அவள் சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் என் வீட்டில், என் சமையலறையில், என் மனைவி எனக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிறாள், அதற்கு நான் ஆமாங்க என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். அதைவிட மோசம், அந்த விருந்தாளி மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவன் வந்த நாலு நாளில் அவள் அவனிடம் பேசியது, என்னிடம் நாலு வருஷத்தில் பேசியதைவிட அதிகம். என் மனைவியிடம் சிரித்துப் பேசுகிற அந்த ஆளை வீட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கத்தியைக் கீழே வைத்தேன். "போதும். நான்தான் உன் புருஷன்" என்றேன்.

அவள் பதறவில்லை. ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, மெதுவாகக் குடியுங்கள் என்றாள். மருத்துவமனைக்கும் இப்படிச் சிலர் வருவார்களாம், வலி தாங்காமல் என்னென்னவோ சொல்வார்களாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுமாம். மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம்மா அங்கிள்" என்றாள். சாட்சி சொல்ல பியூஸையாவது கூப்பிடு என்று கத்தினேன். கூப்பிட்டாள். அவர் ஈரத் துண்டோடு வந்து எல்லாவற்றையும் கேட்டார். சமையலறையைச் சுற்றிப் பார்த்தார்.

"குரல் அவர் குரல்தான். இல்லைன்னு சொல்லலை" என்றார். "இந்தப் பீன்ஸ் யார் நறுக்கினது?"

"நான்தான்."

"தட்டு கழுவி வச்சது?"

"நான்தான்."

"அப்ப நீங்க அவர் இல்லை" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத் தலை துவட்டப் போய்விட்டார்.

நான் பொய் சொன்னபோது ஒத்துக்கொண்ட உலகம், உண்மையைச் சொன்னதும் கைவிட்டுவிட்டது. மத்தியானம் மனைவி என் பையைக் கொண்டுவந்து வைத்தாள். வழிக்குச் சாப்பாடும் கட்டியிருந்தாள். வீட்டுக்காரர் எந்த நேரமும் வந்துவிடுவார், வந்ததும் பெயிண்ட் வேலை ஆரம்பித்துவிடுவார், தூசியில் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்றாள். வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். மகள் கையசைத்தாள். அவசியம் அடுத்த தடவை குடும்பத்தோட வாங்க என்றாள் மனைவி.

தெருமுனை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தேன். பீன்ஸ். நன்றாக நறுக்கியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே தொடர்கதைக்காரருக்குப் போன் செய்து, என் கதி என்று சொல்லாமல், அந்தக் குமாஸ்தா இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"அவனால ஒரு வாரமா தூக்கமில்லை சார். அவனுக்கு ஜலதோஷம் பிடிச்சுடுச்சு. இப்ப அவன் கண்ணுக்கு வெயில் தெரியுது. நிஜமாவே வெயில்தான். ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்."

"அப்ப அவன் என்ன செய்யணும்?"

"பேசிப் பிரயோஜனமில்லை. குடையை மடக்கிட்டு நடுத்தெருவுல நின்னு காயணும். வேற வழி எனக்குத் தெரியலை."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சந்து வழியாகப் போகவில்லை, நேராகவே நடந்தேன். மணியை அழுத்தாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் கூடத்தில் நின்றிருந்தாள்.

"உப்புத்தாள் எங்கே?" என்றேன்.

"வந்துட்டீங்களாங்க" என்றாள். அது மருத்துவமனைக் குரல் இல்லை. "அந்த மூலைலயே இருக்கு பாருங்க. முதல்ல சட்டையை மாத்துங்க, நாலு நாளா ஒரே சட்டை."

நாலு நாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குப் பழகியிருந்தேன்.

சுரண்டினேன். பட்டி பார்த்தேன். மூக்கில் சுண்ணாம்பு ஏறி, கூடம் அதிரத் தும்மினேன். மெய்ப்பு பார்த்தே பழகிய கண் என்பதால் ஒரு சுவரை முடித்தபின் அதை மேலிருந்து கீழாக ஒரு முறை, இடமிருந்து வலமாக ஒரு முறை வாசித்தேன். விட்டுப்போன புள்ளிகளுக்கு வர்ணம் வைத்தேன். இப்படியே போனால் பேரன் காலத்தில்தான் சமையலறைக்கு வருவீர்கள் என்று மனைவியும் ஒரு பிரஷை எடுத்துக்கொண்டாள். ஏணியில் ஏறினேன், இந்தத் தடவை ஏணியேதான். பியூஸ் எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இறங்குவேனா என்று காத்திருந்து ஏமாந்தார். வேலைக்கு நடுவே, கண்ணாடி உனக்கு நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். கையில் பிரஷோடு திரும்பிப் பார்த்தாள். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள்.

லீவில் ஒரே ஒரு நாள் மிச்சமிருக்கும்போது வேலை முடிந்தது. வீடு பளபளவென்று இருந்தது. பிரம்பு நாற்காலியில் சாய்ந்தேன். நாவலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை. மகள் மட்டும் ஒரு குறை சொன்னாள். அந்த அங்கிள் இருந்தவரை காலையில் தேநீர் தானாக வந்துகொண்டிருந்ததாம், அவர் போன பிறகு வீடே ஒரு மாதிரி இருக்கிறதாம்.

எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. மனைவியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னேன். ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும் என்றேன். உனக்கு அந்த ஆள் வேண்டுமா, நான் வேண்டுமா, நேருக்கு நேராகச் சொல்லிவிடு என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

"நீங்கதாங்க வேணும். இதென்ன கேள்வி?" என்றாள். "அவருக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு அப்பாயிண்ட்மென்ட் கொடுத்திருக்கேன். நீங்க கூட்டிட்டு வந்து விட்டாப் போதும்."